எதிரி இல்லாதவளின் விண்ணப்பம்

கடிதத்தில் இருக்கும் தேதி ஒரு வெள்ளிக்கிழமை. உறையின் மேல் விழுந்த முத்திரை அடுத்த புதன்கிழமையுடையது. இடையில் அது யார் மேசையில் கிடந்தது என்று தெரியவில்லை. எங்கள் மாவட்டத்தின் போலீஸ் தலைவரான ஷெரீஃபின் அலுவலகத்திலிருந்து என் அக்காவுக்கு வந்த கடிதம் அது. துப்பாக்கியை மறைத்து உடன் எடுத்துச் செல்ல அவள் கேட்ட உரிமம் மறுக்கப்பட்டிருந்தது. "தகுந்த காரணம் காட்டப்படவில்லை" என்று ஒரே வாக்கியம். எது தகுந்த காரணம் என்று எங்கும் இல்லை.

அக்கா நகை விற்பவள். கடை கிடையாது. சான் ஹோசே, பிளசன்டன் பக்கம் கல்யாணமோ வளைகாப்போ வைத்திருக்கும் வீடுகளுக்குப் பெட்டியோடு போய்க் காட்டி விற்பாள். 2021 வசந்தத்தில், மில்பிடாஸில் ஒரு மளிகைக் கடை பார்க்கிங்கில் ஒருவன் அவள் கார்க் கண்ணாடியை உடைத்துப் பையைப் பிடுங்கினான். அவள் விடாததில் தோள்பட்டை விலகியது. அவன் கொண்டுபோன பையில் முருங்கைக்காயும் தோசை மாவும்தான். நகைப் பெட்டி சீட்டுக்கு அடியில் இருந்தது. அன்றிலிருந்து அவள் எந்த வீட்டுக்கும் போகவில்லை.

"பர்மிட் வந்தா போறேன்டா. இல்லைன்னா தொழிலை மூடிடறேன்" என்றாள்.

விண்ணப்பம் எழுதியது நான். வீட்டில் வைத்துக்கொள்ள இந்த உரிமம் வேண்டாம். வெளியே கொண்டுபோகத்தான் வேண்டும். அப்போதைய சட்டப்படி கொடுப்பதும் மறுப்பதும் ஷெரீஃபின் விருப்பம். நன்னடத்தையும் வேண்டும், தகுந்த காரணமும் வேண்டும். நன்னடத்தைக்கு என்ன செய்வது என்று நமக்குத் தெரியுமே. கோயில் கமிட்டி அங்கிள், பல் டாக்டர், பக்கத்து வீட்டு ஆன்ட்டி என மூன்று பேரிடம் சான்றிதழ் வாங்கினேன். மூன்றிலும் அக்கா எல்லோரிடமும் அன்பாகப் பழகுபவள். போலீஸ் ரிப்போர்ட்டையும் இணைத்தேன். காரணம் எழுதும் பக்கத்தின் முடிவில், நல்ல பெயர் இன்னும் கொஞ்சம் சேரட்டும் என்று, "எனக்கு யாரோடும் பகை இல்லை, இதுவரை யாரும் என்னை மிரட்டியதில்லை" என்று அவள் சார்பில் எழுதினேன்.

மறுப்புக் கடிதம் வந்த அன்று அக்காவின் கணவர் விண்ணப்பத்தின் நகலை என்னிடம் வாங்கிப் படித்தார்.

"டேய், இது என்ன பொண்ணு பார்க்க வர்றவங்களுக்கு எழுதினதா? எதிரியே இல்லாதவளுக்குத் துப்பாக்கி எதுக்குடா?"

"இருக்குன்னு எழுதினா சண்டைக்காரின்னு ரிஜெக்ட் பண்ணுவான் மாமா."

"ஒரு பேராவது போட்டிருக்கலாம்ல?"

"உங்க தங்கச்சி பேரைப் போட்டிருக்கலாம்" என்றாள் அக்கா.

மறுநாள் காலை 10.20க்கு அந்த அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். பகை இல்லை என்ற அந்த வரியால்தான் மறுத்தார்களா என்று கேட்டேன். சொல்ல இயலாது என்றார். வேறு என்ன எழுதினால் ஏற்பார்கள்? ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பரிசீலிக்கப்படும் என்றார். நோட்டில் இரண்டு பதில்களையும் எழுதினேன். திரும்பப் படித்தால் பதில்களாகத் தோன்றவில்லை.

"இன்னொரு தடவை அப்ளை பண்ணலாம்க்கா."

"வேணாம்டா. கேள்வியே என்னன்னு தெரியாம எத்தனை தடவை பதில் எழுதறது?"

அந்த ஆண்டு தீபாவளிக்கு முன்பே மிச்சமிருந்த நகைகளை மொத்த வியாபாரியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு டேகேரில் வேலைக்குச் சேர்ந்தாள். 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இதே போலக் காரணம் கேட்ட நியூயார்க் சட்டம் ஒன்று செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. அதன்பின் எங்கள் மாநிலத்திலும் தகுந்த காரணம் கேட்பதை விட்டுவிட்டார்கள். செய்தியை அக்காவுக்கு அனுப்பினேன். "இப்ப எதுக்கு?" என்று பதில் வந்தது.

போன மாதம் மாமா ஒன்று சொன்னார். அக்காவைப் போலவே வீடு வீடாக நகை விற்ற ஒருவர், எங்களுக்கு மறுத்த அதே ஆண்டில், பக்கத்து கவுண்டியில், அதாவது வேறொரு ஷெரீஃபிடம், "தங்கம் கொண்டு போகிறேன்" என்று ஒரே வரி எழுதி உரிமம் வாங்கினாராம். மாமாவுக்குச் சொன்னவரும் யாரிடமோ கேட்டதுதான். அந்த விற்பனையாளரின் பெயரோ கவுண்டியின் பெயரோ இதுவரை கிடைக்கவில்லை. இந்தத் தகவலை நான் உறுதி செய்யவில்லை.