அம்மாவைக் கேட்காமல் சொன்ன பதில்

என் தாய்மாமன், வீட்டில் சாக வேண்டியவர். அவரைச் சிறையில் சாகவைத்தவன் நான்!

கீழ்வேளூர்ப் பக்கம், வாய்க்கால் தண்ணீருக்காக நடந்த அடிதடியில் ஒருவர் இறந்துபோனார். அடித்தவர் மாமா. ஆயுள் தண்டனை. அவருக்கு மனைவி, மக்கள் இல்லை. ஒரே தங்கை, என் அம்மாதான்.

ஈரலில் புற்று முற்றியதும், கடைசி நாட்களுக்கு வீட்டுக்கு அனுப்பச் சொல்லி மனுப் போட்டிருந்தார். விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நாற்காலி போட்டு நானே பேசினேன்.

"தம்பி, வச்சுப் பாத்துக்குவீங்களா? நீங்க சரின்னா சிபாரிசு பண்ணிடுறேன்."

"முடியாதுங்க சார். அம்மாவுக்கும் இஷ்டமில்ல."

"அவங்கள ஒரு வார்த்தை கேட்டுடலாமே?"

"வேணாங்க சார். அழுவாங்க."

அம்மா கூப்பிடு தூரத்தில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தாள்...

ஏன் அப்படிச் சொன்னேன்? அப்போதுதான் ஆசிரியர் வேலையில் சேர்ந்திருந்தேன். படிக்கிற காலத்தில் என்னைக் 'கொலைகாரன் மருமவனே' என்று கூப்பிட்டவர்கள் உண்டு. இனி என் மாணவர்களும் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார்களோ என்று பயந்தேன். இதெல்லாம் ஒரு காரணமா? நீங்களே சொல்லுங்கள்!

அம்மா கட்டிலைக் கழுவி வெயிலில் போட்டிருந்தாள். "எப்படா விடுவாங்க?" என்றாள்.

"சட்டத்துல இடமில்லம்மா."

படித்தவன் சொன்னால் அவள் மறுபேச்சுப் பேசமாட்டாள். அது தெரிந்துதானே சொன்னேன்!

பிறகு ஒருமுறை மாமாவைச் சிறை மருத்துவமனையில் பார்த்தேன். வயிறு வீங்கி, கைகால் குச்சியாகி... நான் மறுத்துவிட்டதை அவரிடம் யாரும் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

"வாங்க வாத்தியார் மாப்ள! ஆபீசர் வந்தாராமே? தங்கச்சி கையால ரெண்டு வாய் கஞ்சி குடிச்சாப் போதும்டா."

"வந்துடலாம் மாமா."

சிரித்தார். நம்பிச் சிரித்தார்...

தனியாகத்தான் இறந்தார். உயிர் பிரியும்போது உடன்பிறந்தவள் அவர் வாயில் பால் ஊற்றியிருக்க வேண்டும். எங்களிடம் வந்தது உடல்தான். அம்மா வாய்க்கரிசி போட்டாள்.

"எம்புள்ள எவ்வளவோ கெஞ்சிப் பாத்தான், விடலையே!" என்று ஊர் முன்னால் அழுதாள். நான் தலையாட்டினேன். ஆம், ஆட்டினேன்!

வீட்டில் இப்போது நாங்கள் இருவர்தான். சில நாள் சோறு போட்டபடியே சபிக்கிறாள்: "எங்கண்ணன வரவிடாமப் பண்ணவன் நாதியத்துப் போவான், பாரு."

நான் தலைகுனிந்து சாப்பிடுகிறேன்.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கய்யா" என்கிறாள்.