முப்பத்திரண்டு பொட்டலமும் ஒரு பாழுங்கோட்டையும்

தாம்பரத்தில் ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் டூர் மேனேஜராக இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவன் நான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கோட்டையைக் காட்டுவது பெரிய விஷயமே இல்லை. இறங்கிய ஆட்களைத் திரும்ப வண்டியில் ஏற்றுவதுதான் வேலை.

ஸ்காட்லாந்து மலைப்பகுதி டூர். செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் காலனிக்காரர்கள் முப்பத்திரண்டு பேர், முக்கால்வாசி ரிட்டயர்டு பார்ட்டிகள். கூடவே எங்கள் சமையல்காரர் தேவராஜ், ரைஸ் குக்கர், ஒரு மூட்டை அரிசி. நாலாவது நாள், ஏழாவது கோட்டை. கூரை இல்லை, கதவு இல்லை, மழை மட்டும் தாராளம்.

"இன்னா சார், இடிஞ்ச செவுத்தப் பாக்கவா ஏரோப்ளேன் ஏறி வந்தோம்? நம்ம செஞ்சி இதவிடப் பெருசா கீதே!" என்றார் தேவராஜ்.

எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் மைக்கில் "மாபெரும் வரலாற்றுச் சின்னம்" என்று அளந்துவிட்டிருந்தேன்.

ஆள் எண்ணுவதற்கு நான் ஒரு முறை வைத்திருந்தேன். வண்டி வாசலில் தேவராஜ் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுப்பார். முப்பத்திரண்டும் தீர்ந்தால் எல்லோரும் ஏறியாச்சு. தலையை எண்ணினால் பாதியில் ஒருவர் சீட் மாறுவார், எண்ணிக்கை போச்சு. சோற்றை மட்டும் எவரும் விடமாட்டார். இந்த மூளையை நினைத்து எனக்கு ஒரே பெருமை.

அன்றும் கூடை காலி. கிளம்பினோம்.

அரை மணி நேரம் கழித்து முன் சீட்டு அம்மா ஒருவர் கேட்டார்: "சார், ராஜலட்சுமி மேடம் பின்னாடி அவங்க வீட்டுக்காரர்கிட்டயா இருக்காங்க? அவங்க பிஸ்கட் பை இங்கயே இருக்கு."

ராஜலட்சுமி மேடம் ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ். சர்க்கரை உண்டு. சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போட்டுக்கொள்வார். கணவர் பத்மநாபன் சாரின் குறட்டை தாங்காமல் முன்னால் வந்து உட்காருவார். நான் பின்னால் ஓடினேன்.

"சார், மேடம் எங்க?"

"முன்னாடி லேடீஸோட இருப்பா."

"இல்ல சார்! அவங்க பொட்டலம்?"

"நான்தான் ரெண்டா வாங்கினேன். அவளுக்கும் சேத்து."

"அது எங்க?"

அவர் மடியில் காலியான இரண்டு பொட்டலக் காகிதம். "அவ வரல. ஆறிப்போயிடுமேன்னு..." என்றவருக்கு அப்போதுதான் உறைத்தது. "ஐயோ, ஊசி போட்டுக்கறேன்னுதானே பாத்ரூம் போனா! சாப்பிடலைன்னா மயக்கம் போட்டுடுவாளே!"

வண்டியைத் திருப்பச் சொல்லி டிரைவரிடம் கத்தினேன். போனில் சிக்னல் இல்லை. ஒற்றை வண்டிப் பாதையில் பஸ்ஸைத் திருப்பவே பத்து நிமிஷம். போதாக்குறைக்கு நடுரோட்டில் ஆட்டுமந்தை. ஸ்காட்லாந்து ஆடுகளைத் தாம்பரம் பஸ் ஸ்டாண்ட் பாஷையில் திட்டிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். பத்மநாபன் சார் ஜன்னலைப் பிடித்தபடி அழுதுகொண்டே வந்தார்.

மேடம் டிக்கெட் கவுன்ட்டருக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காவல்காரக் கிழவர் தன் டீயையும் சீஸ் சாண்ட்விச்சையும் கொடுத்துக் காப்பாற்றியிருந்தார். எனக்கு அந்த ஆள் காலில் விழலாம் போலிருந்தது.

"எண்ணிப் பாத்தீங்களா?" என்றார் மேடம்.

"பாத்தேன் மேடம். சரியா இருந்துச்சு."

"எதை எண்ணினீங்க?"

"பொட்டலத்த."

ஹோம்வொர்க் செய்யாத பையனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு கணவரிடம் திரும்பினார். "புளியோதரை எப்படி இருந்தது?"

மனுஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டு உண்மையைச் சொன்னார். "உப்பு கொஞ்சம் கம்மி."

"முப்பத்தெட்டு வருஷமா உப்பு கம்மின்னா என்கிட்டதானே சொல்லுவீங்க? அதைச் சொல்றதுக்குக்கூட என்னைத் தேடலையா?"

எனக்கு மேடம் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. பத்மநாபன் சாராவது ஒருத்தரைத்தான் தேடவில்லை. நான் முப்பத்திரண்டு பேரில் ஒருத்தரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்து, பேர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் எண்ணுகிறேன். வண்டி நகர்ந்த பிறகுதான் பொட்டலம்.