தூக்கிய சுண்டுவிரல்

நாகலெட்சுமி இப்போது வேலைக்குப் போவதில்லை. ஆனாலும் காலையில் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் நின்று மலையைப் பார்க்காவிட்டால் அவளுக்குத் தேத்தண்ணி இறங்காது.

அந்த மலையில்தான் ஒன்பது வருஷம் வலது சுண்டுவிரலைத் தூக்கியபடியே தேயிலைக் கொழுந்து பறித்தாள். பனியில் நனைந்த இலை அந்த நகத்தில் பட்டால் உயிர் போய்விடும். வெளியே ஒரு காயமும் இல்லை. "நல்லா நடிக்கிறா" என்றார் வேலையை மேற்பார்க்கும் கங்காணி. அந்தக் கோபத்திலேயே, மற்ற விரல்களால் எல்லாரையும் விட அதிகமாகப் பறித்துக் காட்டினாள்.

கடைசியில் நுவரெலியா ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டரம்மா நகத்தடியில் நீலப் புள்ளியைக் கண்டார். குண்டூசித் தலையால் அதைத் தொட்டதும் நாகலெட்சுமி அலறினாள்.

"இது நடிப்பில்லம்மா. ரத்தக்குழாயில அபூர்வமா வர்ற கட்டி. புற்றுநோய் இல்ல. எடுத்துட்டா சரியாயிடும்."

நகத்தைக் கழற்றி, மிளகளவு கட்டியை எடுத்தார்கள். வலி போனதற்கு அல்ல, 'நடிப்பில்ல' என்ற சொல்லுக்குத்தான் அவள் அழுதாள்.

அவள் விரலைத் தூக்கிப் பறித்த அந்த ஒன்பது வருஷத்தில் அவளோடு புதிதாகக் கொழுந்து நிரைக்கு வந்த பெண்கள், வேகமாகப் பறிக்கிறவளின் கைவாகு அதுதான் என்று நினைத்துப் பழகிக்கொண்டார்கள். இதோ, எதிர் மலையில் அத்தனை பேரும் பறிக்கிறார்கள், ஒரு வலியும் இல்லாமல் சுண்டுவிரலைத் தூக்கிக்கொண்டு.