காப்புக் கயிறும் நாமக்கல் கச்சேரியும்

இந்த மலையில் ஆளுக்கு முன்னால் குரல் வந்துவிடுகிறது. விடியற்காலையில் செம்மேட்டு மருந்துச்சாலைக் கதவைத் திறந்தால் எதிரே வெறும் பனிமூட்டம். அதற்குள்ளிருந்து, "ஏனுங்க, காய்ச்ச மருந்து இருக்குதுங்களா?" என்று கேட்கும். முகம் வந்து சேருமுன் அந்தக் குரலின் சுருதியை நோட்டில் குறித்துவிடுவேன். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கம்பவுண்டராக இங்கே வந்து மூன்று வருஷமும் நாற்பது நாளும் ஆகின்றன. வேறு சங்கீதம் கேட்கவில்லை. அங்கே ஒரே நாளில் இரண்டு கோயில்களில் கச்சேரி இருக்கும். எதற்குப் போவதென்று வீட்டில் சண்டை நடக்கும்.

பங்குனியில் நண்பனின் கடிதம் வந்தது. எங்கள் தெருவில் வளர்ந்த வித்துவான் புதன்கிழமை மாலை நாமக்கல்லில் பாடுகிறார்; தொண்டை கெட்டுவிட்டது, அதற்குப்பின் மேடையேற மாட்டார். செவ்வாயன்று காலை முழுதும் அவர் பாடும் தோடியை முனகியபடியே மருந்து கலக்கினேன். பிற்பகலில் புறப்பட்டேன். இரவு மலையடிவாரத்துக் காரவள்ளியில் தங்கி, விடிந்ததும் பஸ் பிடிப்பதாக ஏற்பாடு. பக்கத்துக் காட்டில் பயிர் வைத்திருக்கும் சடையன் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு கூட வந்தார்.

பொழுது சாயும்போது ஊர் எல்லைக்கல்லருகே மூட்டையை இறக்கினார்.

"இத வாங்கிக்க கீழிருந்து யாருங்க வாராங்க?"

"யாரும் வரலை. நான்தான் போறேன்."

சிரித்தார். "வெளையாடாதீங்க சாமி. காப்புக் கட்டியிருக்குதுங்க."

போன வெள்ளிக்கிழமை, நோம்பி என்கிற ஊர்த் திருவிழாவுக்காகப் பூசாரி எல்லோர் கையிலும் மஞ்சள் கயிறு கட்டினார். எங்கள் ஊரில் காப்பு குருக்களின் கைக்கு மட்டும்தான். இதுவரை என்னைத் தாண்டிப் போன பூசாரி இந்த வருஷம் என் முன்னும் நின்றார்; இதைப் பிரசாதம் போல நினைத்து நானும் கையை நீட்டிவிட்டேன். கட்டிக்கொண்டவர் நோம்பி முடியும்வரை எல்லை தாண்டக்கூடாதாம்.

"நான் இந்த ஊர்க்காரன் இல்லையே?"

"அத அன்னைக்கே சொல்லியிருக்கோணுங்க. நீட்டுனீங்க, கட்டுனாங்க."

"அவிழ்த்துடறேன்."

அவர் சிரிப்பு நின்றது. "அவுக்கலாமுங்க. அப்புறம் அத்தனை பேருக்கும் அவுக்கோணும். நோம்பி அடுத்த வருசந்தான். நோம்பி முடிஞ்சாத்தான் எம்மவ கண்ணாலம்." பிறகு, "அங்க யாருக்குங்க உசுரு ஊசலாடுது?" என்றார்.

"யாருக்கும் இல்லை. பாட்டு."

"பாட்டா!" என் முகத்தை உற்றுப் பார்த்தார். "அவர மேல வரச் சொல்லுங்க. அவரு கையில கயிறில்லீங்களே."

என்னை ஊரில் சேர்த்துக்கொண்டார்களா, பிடித்து வைத்துக்கொண்டார்களா? முடிச்சில் விரலை வைத்தேன். சடையன் அதைத் தடுக்கவில்லை. வேறு பக்கம் திரும்பி நின்றார். கீழே காரவள்ளியில் ஒரு விளக்கு தெரிந்தது. பிறகு பனி மூடியது. மூட்டையை நானே எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு மேலே திரும்பினேன்.

மறுநாள் மாலை, அங்கே தம்பூரா மீட்டத் தொடங்கியிருக்கும் நேரத்தில், மருந்துச்சாலை வாசலில் நாமக்கல் திசை பார்த்து உட்கார்ந்தேன். எனக்குள் ஆதி தாளத்தில் தோடி நகர்ந்துகொண்டிருந்தது. கோயிலில் நோம்பிப் பறை எனக்குப் பிடிபடாத வேறொரு கணக்கில் முழங்கிற்று. தட்டுவதற்கு எடுத்த கை, எந்தக் கணக்குக்குத் தட்டுவதென்று தெரியாமல், தொடைக்கு மேலே அப்படியே நின்றது.