எறும்பும் வானிலை போனும்

கல்வராயன் மலையில், சாமை விதைக்கக் காத்திருந்த ஒரு நிலத்தில் தானியங்கி மழைமானி பொருத்தப் போயிருந்தேன். நிலத்துக்காரர் தனியாள். நரைத்த மீசையில் புழுதியோடு எறும்புப் புற்றின் அருகே குந்தியிருந்தார். போன் அடித்ததும் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டுதான் எடுத்தார். நாளை மழை என்றது பதிவு செய்த பெண்குரல்.

“எறும்பு இன்னும் முட்டையத் தூக்கிக்கினு மேட்டுக்குப் போவலியேம்மா. ரெண்டு பேரும் ஒண்ணாச் சொன்னாத்தான் வெதைப்பேன்” என்றார்.

“அது ரெக்கார்டுங்க. நீங்க பேசறது அதுக்குக் கேக்காது” என்றேன்.

“தெரியுங்க. வேற யாரு எனக்கு போன் பண்றாங்க?”

கச்சிராயபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோதுதான் உறைத்தது. மழைமானியின் சிம் நம்பரைக் கவனமாக எழுதிக்கொண்டு வந்த நான், அவர் நம்பரைக் கேட்கவே இல்லை.