முதலில் சிரித்தவர்

செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போன அம்மா சிறிது நேரத்திலேயே லயத்து வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டார். பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்ததும் நேரே தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்கு ஏறுவதுதான் வழக்கம். வெறுங்கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, "நம்ம டொக்டர் ஐயா போயிட்டாராம். பதுளை ஆஸ்பத்திரியிலருந்து ஆபீசுக்குப் போன் வந்துச்சாம்," என்றார். நான் பள்ளிக்கூடம் போவதற்குச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தேன். மற்றச் சப்பாத்து கையிலேயே இருந்தது. தொலைக்காட்சி நாடகம் வியாழக்கிழமை முடிகிறதே, ஐயா முடிவைப் பார்க்கவில்லையே என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

ஞானமுத்து ஐயாவை அறிந்த நீங்கள் எல்லாரும் இந்த நாடகத்தையும் அறிவீர்கள். ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

அவர் பட்டம் பெற்ற டொக்டர் அல்ல. எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பவர். "நான் பாதி டொக்டர்தான், மீதிப் பாதி பதுளையில இருக்கு," என்று அவரே சொல்லுவார். குடிப்பார் என்பதும் எல்லாருக்கும் தெரியும். காலையில் கை நடுங்கும். ஒருமுறை ராக்காயி அக்கா ஊசிக்குக் கையை நீட்டிவிட்டு, "என்னாங்க ஐயா, ஊசி இந்த ஆட்டம் ஆடுது?" என்று கேட்டார். "நீ கொஞ்சம் அந்தப் பக்கமா ஆடு ராக்காயி, ரெண்டும் சந்திச்சிரும்," என்றார் ஐயா. அக்கா சிரித்தார், ஆனால் அதற்குப் பிறகு தன் பிள்ளைகளை அவரிடம் கொண்டு போகவில்லை. காய்ச்சல் என்றால் பஸ் ஏறி அப்புத்தளைக்குப் போய்விடுவார். பல தாய்மார் அப்படித்தான் செய்தார்கள். அதற்குக் காரணம் கை நடுக்கம் மட்டுமல்ல.

சில வருடங்களுக்கு முன்பு, அடைமழைக் காலத்தில், மாரிமுத்து அண்ணனின் மனைவி லெச்சுமி அக்கா பிரசவ வலியோடு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்து போனார். பிள்ளையும் பிழைக்கவில்லை. ஐயா குடித்துவிட்டுத் தாமதமாக வந்ததால்தான் அப்படி நடந்தது என்று லயங்களில் பேசிக்கொண்டார்கள். நான் சிறு பிள்ளையாக இருந்தபோதே கேட்ட பேச்சு அது. ஐயா அதை மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. மாரிமுத்து அண்ணனும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

சென்ற வருடம் ஐயா ஒரு கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கினார். தோட்டத்தில் எங்களுக்குத் தெரிந்து அது ஒன்றுதான். வியாழக்கிழமைகளில் அவருடைய குவாட்டர்ஸ் வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கும். அப்புத்தளைப் பனிமூட்டம் வெளியே இருப்பது போலவே பெட்டிக்குள்ளும் இருக்கும். யாராவது வெளியே போய் அன்டெனாக் கம்பத்தைத் திருப்பினால்தான் முகங்கள் தெரியும்.

நாடகம் சிங்களத்தில். ஒரு கிராமத்து டொக்டரின் கதை. அவர் நோயாளிகளுக்குப் பயந்து அலுமாரிக்குள் ஒளிந்துகொள்வார். குடியை விடப்போவதாகச் சபதம் செய்து போத்தலைக் கிணற்றில் இறக்குவார். மறுநாள் அதை மேலே எடுக்கப் போனால், ஊரே அந்தக் கிணற்றுக்குத் தண்ணீர் எடுக்க வந்து நிற்கும். கடைக்கும் பஸ்ஸுக்கும் போதுமான சிங்களம் எங்களில் பலருக்கு உண்டு. ஆனால் நாடகத்தில் மிக வேகமாகப் பேசினார்கள். கீழ்க் கிராமத்துச் சிங்களச் சிநேகிதியோடு தினமும் பள்ளிக்கூடம் போய் வந்ததில் எனக்குச் சிங்களம் நன்றாக வந்திருந்தது. அதனால் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லும் வேலை எனக்கு வந்தது.

ஐயாவுக்கு என்னைவிட நன்றாகச் சிங்களம் தெரியும். "நீங்களே சொல்லுங்களேன் ஐயா," என்று முதல் நாள் கேட்டேன். "நான் சொன்னா எனக்குச் சாதகமா மாத்திச் சொல்லிருவேன். நீ சொல்லு புள்ள. எதையும் விடாம சொல்லு," என்றார்.

அதனால் அந்த அறையில் ஒவ்வொரு வேடிக்கைக்கும் இரண்டு சிரிப்புகள். முதலில் ஐயா தனியாகச் சிரிப்பார். எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் சொன்ன பிறகு அறை சிரிக்கும். ராக்காயி அக்கா விடமாட்டார். "ஐயா, இந்தக் கதைய எழுதுனவன் ஒங்களுக்கு என்னா குடுத்தான்?" என்பார். "ரெண்டு போத்தல். முந்தாநாளே முடிஞ்சிருச்சு," என்பார் ஐயா.

மாரிமுத்து அண்ணன் உள்ளே வரமாட்டார். வெளியே, கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, ஜன்னல் ஓரமாக நின்று பார்ப்பார்.

ஒரு வியாழக்கிழமை, நாடகத்து டொக்டர் ஒரு சாவு வீட்டுக்குப் போனார். அவர் பார்க்கப் போன பிரசவத்தில் இறந்துபோன பெண்ணின் வீடு. வழியெல்லாம் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டு போனார், ஒரு சப்பாத்து சேற்றில் மாட்டிக்கொண்டது, நாய் துரத்தியது. நாங்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். பிறகு அவர் அந்தக் கணவனின் முன்னால் ஒற்றைச் சப்பாத்தோடு நின்று ஏதோ சொன்னார். நான் மொழிபெயர்க்காமல் நிறுத்திவிட்டேன்.

"ஏன் நின்னுட்ட? விடாம சொல்லு," என்றார் ஐயா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"'நான் குடிச்சிருந்தேன். அதனாலதான் பிந்தி வந்தேன்'னு சொல்றாரு," என்றேன்.

யாரும் ஐயாவைப் பார்க்கவில்லை. ராக்காயி அக்கா மட்டும் மெதுவாக, "நம்ம லெச்சுமிக்கு நடந்ததுதானே," என்றார்.

"இல்ல," என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது. மாரிமுத்து அண்ணன் உள்ளே வந்து நின்றார். கம்பளியிலிருந்து தண்ணீர் சொட்டியது. "அன்னைக்கு ஐயா ஒரு சொட்டுக் குடிக்கல. மழை விடட்டும்னு சொல்லி அவரக் கூப்பிடாம இருந்தவன் நான். வந்த ஒடனே பொறப்படச் சொன்னாரு. ரோட்டுல மண்ணு சரிஞ்சு லொறி வரல. கம்பளியில கட்டித் தூக்கிக்கிட்டு நடந்தோம். முன்பக்கம் அவரு தோளு, பின்பக்கம் என் தோளு. அவரு இப்பிடிக் குடிக்க ஆரம்பிச்சதே அதுக்குப் பொறகுதான்."

"இத்தன நாளா ஏண்டா சொல்லல?" என்று ராக்காயி அக்கா கேட்டார்.

"பழி அவரு மேல கெடந்தா எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்துச்சு அக்கா."

ஐயா தொண்டையைச் செருமிக்கொண்டார். "போதும் மாரி, ஒக்காரு. அங்க அவன் என்னமோ சொல்றான், கேக்க விடு," என்றார். மாரிமுத்து அண்ணன் செருப்புகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

இரண்டொரு நாள் கழித்து, டிஸ்பென்சரியில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போய், "நீங்களாவது சொல்லியிருக்கலாமே ஐயா?" என்று கேட்டேன். அவர் மருந்துப் போத்தலைத் துடைத்துக்கொண்டே, "சொன்னா அவன் எங்க போவான் புள்ள? எனக்காவது போத்தல் இருந்துச்சு," என்றார். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் சிரித்தார்.

அதன் பிறகு அவர் குடியை விட்டுவிட்டார் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அவர் விடவில்லை. ஆனால் ராக்காயி அக்கா தன் கடைசி மகளைக் காய்ச்சலோடு தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிப் படி ஏறினார். மற்றவர்களும் வரத் தொடங்கினார்கள். "இப்பத்தான் கூட்டம் சேருது, எனக்குப் பாத்தா கண்ணு மஞ்சளா இருக்கு," என்று அவர் சொன்னதை வேடிக்கை என்றே எடுத்துக்கொண்டோம். அது அவருடைய ஈரல் கெட்டதால் வந்த மஞ்சள். பதுளைக்குக் கொண்டு போகும்போது லொறியில் அவருடைய தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு போனவர் மாரிமுத்து அண்ணன்தான். புதன்கிழமை அடக்கத்தின்போது சவப்பெட்டிக்கு முன்பக்கம் தோள் கொடுத்தவரும் அவரே.

அடுத்த நாள் வியாழக்கிழமை. மாத்தளையிலிருந்து வந்திருந்த ஐயாவின் தம்பி, "அண்ணன் இருந்தா போட்டிருப்பாருதானே," என்று சொல்லித் தொலைக்காட்சிப் பெட்டியைப் போட்டார். எல்லாரும் வந்தோம். அவருடைய நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. கடைசிப் பகுதியில் நாடகத்து டொக்டர் ஊரைவிட்டுப் போகிறார். ஊர் முழுவதும் கல்யாண வீட்டில் இருக்கிறது. வழியனுப்ப ஒரு மாடு மட்டும் நிற்கிறது. அவர் அந்த மாட்டிடம் மிகவும் மரியாதையாக விடைபெற்று, மருந்து வேளை தவறக்கூடாது என்று புத்தி சொல்கிறார்.

நல்ல வேடிக்கை அது. ஆனால் அறை அசையவில்லை. யாரும் என் முகத்தைப் பார்க்கவுமில்லை. எல்லாரும் அந்த முதல் சிரிப்புக்காகக் காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன். நான் மொழிபெயர்க்க வேண்டிய இடம் எதுவென்று அந்தச் சிரிப்புத்தான் எனக்குக் காட்டி வந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது.

"விடாம சொல்லு புள்ள," என்றார் மாரிமுத்து அண்ணன்.

சொன்னேன். மாட்டிடம் அவர் பேசியது முழுவதையும், ஒரு வார்த்தை விடாமல். பிறகு, மற்றவர்கள் சிரிக்கும் முன், தனியாக, நான்தான் முதலில் சிரித்தேன். ஐயாவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அதுதான்.