ஆறும் ஒண்ணும்

2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். மேகம் இல்லை, காற்றும் இல்லை. அடி அண்ணாமலைப் பக்கத்துப் பள்ளிக்கூட வாசலில், ஓட்டுப் போட முப்பத்து நான்கு பேர் நின்றிருந்தார்கள். அவர்களில் பதினொருவர், வாக்காளர் விழிப்புணர்வுத் தன்னார்வலனான நான் கூப்பிட்டதால் வந்த இருளர் குடியிருப்புக்காரர்கள். செங்கல் சூளைக்குப் போய் அங்கேயே தங்கிவிடுவதால், வழக்கமாகத் தேர்தல் நாளில் ஊரில் இருக்காதவர்கள். இந்த முறை சூளை மேஸ்திரி ஒன்பது மணி வரை விட்டிருந்தார்.

ஒரு அம்மாவுக்கு மட்டும் வரிசை எண் அச்சிட்ட வாக்காளர் சீட்டு வந்து சேரவில்லை. நாற்பத்து மூன்று வயது, ஒருமுறையும் ஓட்டுப் போட்டதில்லை. பட்டியலில் அவருடைய எண் 607. பன்னிரண்டு தடவை சொல்லிக் கொடுத்தேன். பன்னிரண்டு தடவையும் தலையாட்டினார்.

உள்ளே போனவர் உடனே திரும்பிவிட்டார்.

"நான் இல்லியாம் சார். 661 யாரோ ஆம்பளையாம்."

"நான் சொன்னது அறுநூத்தி ஏழும்மா!"

"அதையேதான் சொன்னேன்."

பின்னால் நின்ற அவர் நாத்தனார் சிரித்தார். "அவ எப்பிடி சார் அத்த சொல்லுவா? ஊட்டுக்காரர் பேர்லயே ஏழு கீதே. 'அறுநூத்தி ஆறும் ஒண்ணும்'னிருப்பா. இத்தினி கணக்கு போடுறீங்க, இது தெரியலியா?"

தெரியவில்லை. அவர் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொல்லவில்லை என்பதையும் நான் கவனிக்கவில்லை.

காகிதத்தில் எழுதிக் கொடுப்பதற்குள் சூளை வண்டி ஹாரன் அடித்தது. "வுடுங்க சார், பத்து பேர் போட்டாங்கல்ல" என்று அந்த அம்மா ஏறிக்கொண்டார். எனக்கு வருத்தம் வரவில்லை. பதினொன்றுக்குப் பத்து என்ற எண் மட்டும் மண்டைக்குள் நின்றது.

நாலு மணிக்கு ஆட்டோ பிடித்து, கீழ்பென்னாத்தூர் தாண்டி சூளைக்கே போனேன்.

"கூட்டினு போங்க. கூலி புடிச்சுக்குவேன்" என்றார் மேஸ்திரி.

அந்த அம்மா கையிலிருந்த செங்கல்லை அடுக்கி முடித்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

ஐந்து இருபத்தைந்துக்கு 607 என்று எழுதிய காகிதத்தை நீட்டியபடி உள்ளே போனார். நான்கு நிமிடத்தில் விரலில் மையோடு வந்தார்.

"வௌக்கு எரிஞ்சுது. பீன்னு கத்துச்சு. அவ்ளோதானா சார்?"

"அவ்வளவுதாம்மா."

அந்தக் கூலியை நான் தருகிறேன் என்றேன். "வாணாம் சார். ஓட்டுக்குத் துட்டு வாங்குனான்னு பேசுவாங்க" என்று கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். மறுபடி சூளையில் கொண்டுபோய் விட்டேன். ஆட்டோவுக்கு 950 ரூபாய் ஆனது.